முந்நூறு தடவை வேலை போனவள்

என் தங்கச்சிக்கு இதுவரைக்கும் முந்நூறு தடவைக்கு மேல வேலை போயிருக்கு. எல்லாம் ஒரே ரூம்ல, ஒரே நாற்காலியில. கேக்கறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும். எனக்கு ஆரம்பத்துல பத்திக்கிட்டு வந்துது.

அவ பல்கலைக்கழகத்து மேலாண்மைக் கல்லூரி ஆபீஸ்ல உதவியாளர். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் ஜூன்ல கடிதம் கொடுத்துப் புதுப்பிப்பாங்க. நான் அதே வராண்டாவுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். நாளைக்குப் பெரிய கம்பெனிகள்ல மேனேஜரா, டைரக்டரா உக்காரப் போற பிள்ளைங்களுக்கு அங்க என்னென்னவோ சொல்லித் தராங்க. கடைசி வருஷத்துல ஒரு பாடம்: ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பறதை அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்றது எப்படி. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வேலை போறவரா நடிக்க வேண்டிய ஆள் வரல. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கிட்டு உள்ள போன இவளை, "கொஞ்சம் உக்காரும்மா"ன்னு ப்ரொஃபசரம்மா உக்கார வச்சுட்டாங்க. அன்னைக்கு உக்காந்தவதான்.

ஒரு நாள் அழுவா. ஒரு நாள் மேஜையைத் தட்டிக் கத்துவா. ஒரு நாள் வாயே திறக்க மாட்டா. அதுக்குத்தான் பிள்ளைங்க ரொம்ப பயப்படும். ஒருத்தன் லேப்டாப்பைத் திருப்பி வச்சு, ஏறி இறங்கற கோடெல்லாம் காட்டி ஆரம்பிச்சான். "தம்பி, நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா வேணாமா, அதை மொதல்ல சொல்லு"ன்னா இவ. இன்னொரு பொண்ணு, "நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி"ன்னு இழுத்தா. "எந்த வீட்டுலம்மா அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலேர்ந்து நீ அக்கா இல்லேன்னு சொல்வாங்க?" அந்தப் பொண்ணு அழுதுடுச்சு.

அந்தப் பாடத்துக்கு ஒரு தாள் உண்டு. வருஷா வருஷம் நான்தான் காப்பி போடறேன், மனப்பாடமே ஆயிடுச்சு. மேஜையில ஒரு கிளாஸ் தண்ணி, ஒரு டிஷ்யூ பெட்டி. சாட்சிக்கு இன்னொருத்தர். சிரிக்கக் கூடாது. வீட்டுல சௌக்கியமான்னு விசாரிக்கக் கூடாது. முதல் நிமிஷத்துலயே விஷயத்தைச் சொல்லிடணும், சொல்லிட்டுப் பத்து விநாடி சும்மா இருக்கணும்.

இந்த ஜூன்ல கடிதம் வரல. ஜூலை பிறந்தும் வரல. புதுசா ஒரு டைரக்டர் வந்திருந்தார். அவரும் ஒரு காலத்துல இங்க படிச்ச பிள்ளைதான். பாடத்துல இவளை அனுப்ப வந்து, நாக்குக் குழறி, கடைசியில "உங்களுக்கு ப்ரமோஷன்"னு சொல்லிட்டு எழுந்து ஓடினவர். அப்புறம் பத்து வருஷம் கம்பெனி கம்பெனியா இருந்துட்டு வந்திருக்கார். இப்போ அவர் சிரிச்சு யாரும் பார்த்ததில்ல.

"உன்னைத்தான் அவருக்குத் தெரியுமே, போய்க் கேளேன்டி"ன்னேன்.

"அக்கா, நீ சும்மா இரு"ன்னா.

அவ வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம். இந்த வேலை போச்சுன்னா அந்தப் படிப்பு நடுவுல நிக்கும். அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும், அதனாலேயே அதைப் பத்திப் பேச மாட்டோம்.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டைரக்டர் கூப்பிட்டு விட்டார். அவர் ரூமுக்குக் கண்ணாடிச் சுவர். என் கடையிலேர்ந்து பார்த்தா நல்லாத் தெரியும். மேஜையில ஒரு கிளாஸ் தண்ணி. பக்கத்துல டிஷ்யூ பெட்டி. ஓரத்து நாற்காலியில பணியாளர் பிரிவு அம்மா, மடியில ஃபைலோட. அந்தத் தாள்ல போட்டிருக்கற அதே ஏற்பாடு. ஒரு பொண்ணு ப்ராஜெக்ட் காப்பி கேட்டா, நான் பாட்டுக்கு வெறும் தாளா அடிச்சு அவ கையில கொடுத்திருக்கேன்.

உள்ள பேசினது அவ சொல்லித்தான் தெரியும். டைரக்டர் சிரிக்கல. பொண்ணு எப்படிப் படிக்குதுன்னு விசாரிக்கல. நேரா, "உங்க உதவியாளர் வேலை இந்த மாசத்தோட முடியுது"ன்னார்.

முந்நூறு தடவை நடிச்சவளுக்கு அழுகையும் வரல, கத்தவும் வரல. கிளாசை எடுத்து மடமடன்னு முழுத் தண்ணியையும் குடிச்சா. அதை நான் கண்ணால பார்த்தேன். அவ்வளவுதான், கடையை அப்படியே போட்டுட்டுக் கிளம்பிட்டேன், அந்த ஆளை நாலு வார்த்தை கேக்காம விடறதில்லன்னு.

நான் கதவைத் தள்ளறதுக்குள்ள அவர் மிச்சத்தைச் சொல்லிட்டார். அதுவும் தாள்ல போட்டிருக்கற மாதிரியே, பத்து விநாடி சும்மா இருந்துட்டு! "அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க பயிற்சியாளர். நிரந்தரம்."

விஷயம் இதுதான். படிச்சு முடிச்சுப் போனவங்ககிட்ட, இங்க கத்துக்கிட்டதுல எது உதவுச்சுன்னு எழுதிக் கேட்டிருக்காங்க. பாதிப் பேர் இவளைத்தான் எழுதியிருக்காங்க. ஒருத்தி, "ஒரே நாள்ல முப்பது பேரை அனுப்ப வேண்டியிருந்துது. அந்தம்மா முகம் ஞாபகம் வந்துது. கடுதாசி அனுப்பாம ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே உக்காந்து சொன்னேன்"னு எழுதியிருந்தா. கடிதம் லேட்டானதே, நிரந்தரமாக்க மேல கையெழுத்து வாங்கத்தானாம்.

நான் உள்ள போனப்ப என் தங்கச்சி எழுந்து நின்னு அவரைத் திட்டிக்கிட்டிருந்தா.

"ஏன் சார், நல்ல சேதியை இப்படியா சொல்வாங்க? என் உசுரே போயிடுச்சு சார்!"

அவர் அந்த டிஷ்யூவை எடுத்துத் தன் நெத்தியைத் துடைச்சுக்கிட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. யாரை ரூமுக்குக் கூப்பிட்டாலும் எனக்கு இப்படித்தான் வருது. வேற மாதிரி யாரும் சொல்லித் தரல."

"பத்துக்கு மூணு மார்க்"ன்னா இவ. "ஓடிப் போன அன்னைக்கே நல்லா சொன்னீங்க."

பணியாளர் பிரிவு அம்மா ஃபைலால வாயை மூடிக்கிட்டாங்க.

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துது. வராண்டாவுல அவளைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன். பொண்ணு படிச்சு முடிச்சுடுவா, அது போதும், வேற எதுவும் எனக்கு வேணாம்னு இருந்துது. அவ அழல. "கடையைத் திறந்து போட்டுட்டா வந்தே, அறிவிருக்கா?"ன்னு என்னையும் ஒரு பிடி பிடிச்சா.

கடைக்கு வந்ததும் அந்தத் தாளை எடுக்கச் சொன்னா. என் பேனாவைப் பிடுங்கி, அடியில இருந்த காலி இடத்துல எழுதினா: "நல்ல சேதியா இருந்தா, ஆள் உள்ள வரும்போதே சிரிச்சுடுங்க."

"நாப்பது காப்பி போடுக்கா"ன்னா. "மொத காப்பி டைரக்டருக்கு."