ஆதாரம் இல்லாத வரி

இசைவாணிக்குக் கண்டாச்சிபுரம் பக்கம். அப்பா அப்பாதுரை குத்தகை நிலத்தில் நிலக்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, போடுகிறவர். திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அவளும் நானும் வணிகவியல் நடத்துகிறோம். எனக்கு வயதில் இளையவள், பிடிவாதத்தில் மூத்தவள்.

முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்தது நிலக்கடலை வியாபாரம். விலை ஏறும்வரை காத்திருக்காமல், பிடுங்கிய கையோடு ஏன் விற்றுவிடுகிறார்கள் என்பது கேள்வி. பதில் அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அவர்களுடையது ஒற்றை அறை வீடு. மூட்டைகளை அடுக்கினால் வயசுக்கு வந்த பெண் படுக்க இடம் இருக்காது. அதனால் அப்பா ஈரம் காயாமலே விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிவிடுவார்.

ஆனால் ஆய்வில் நமக்குத் தெரிந்ததை எழுதினால் போதாது. ஏற்கெனவே யாராவது எழுதியிருக்க வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தின் இணையத் தேடலில் அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்தாள். கிடைத்த கட்டுரைகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடின: விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை. இது அதைக் கைகாட்டியது, அது இன்னொன்றை. கடைசியில் எல்லாம் ஒரு பழைய புத்தகத்தில் போய் நின்றன. நூலகத்துக்கே நேரில் போய் அதை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒரு வரி இருந்தது. எந்த ஊரில், யாரிடம் கேட்டார்கள் என்று ஒரு சொல் இல்லை.

ஊர் ஊராகப் போய் விசாரித்தாள். வீட்டைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் பேச்சை மாற்றினார்கள். இருந்தும், வைக்க இடமில்லாததால்தான் விற்கிறார்கள் என்று எழுதினாள். ஆதாரம் இல்லை, எடுத்துவிடு என்றார் நெறியாளர். அவள் எடுக்கவில்லை.

விழுப்புரத்தில் வாய்மொழித் தேர்வு. நானும் போயிருந்தேன். அவள் அப்பாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூர்த் தேர்வாளர் ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, இத்தனை கட்டுரைகளுக்கு எதிராக உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். எங்கள் வீடுதான் ஆதாரம், அப்பாவே வந்திருக்கிறார் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வந்திருப்பவர்களும் பேசலாம் என்பது அந்தத் தேர்வின் வழக்கம். அப்பாதுரையைப் பேசச் சொன்னார்கள்.

அவர் எழுந்தார்.

"அப்படிலாம் இல்லீங்க ஐயா. வூடு தாராளமாத்தான் இருக்குதுங்க. எனக்குதான் வெவரம் பத்தல. ஜல்தியா மல்லாட்டைய வித்துட்டேன்."

தேர்வாளர் சிரித்துவிட்டார். பட்டம் உண்டு, அந்த வரியை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று முடித்தார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அப்பாதுரை அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "அத்தினி பேரு எதிர்ல, படுக்க எடமில்லாத வூடுன்னு சொன்னா உனக்குத்தான கண்ணு கொறச்சல்."

அவள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் நான் அவளிடம் சண்டைக்கே நின்றேன். மாற்றாதே, தேர்வாளரிடம் நான் வந்து பேசுகிறேன், உண்மை உனக்குத் தெரியும் என்றேன். அவள் வரியை ஏற்கெனவே மாற்றியிருந்தாள்.

"அவரே எழுந்து நின்னு சொல்லிட்டாரு மேடம். இனிமே நான் அத எழுதனா, எங்கப்பா பொய் சொன்னாருன்னு ஆயிடும்" என்றாள்.