ஏழாம் பக்கத்தில் இருந்த பாட்டு

எங்கள் இன்னிசைக் குழுவில் கிடார் வாசிப்பவனுக்குக் கிடைக்கும் இடம் ஒரு கோழிக்கூண்டைவிடக் கொஞ்சம் பெரியது. இடப்பக்கம் டிரம்ஸ். வலப்பக்கம் ஆளுயர ஸ்பீக்கர். முதுகுக்குப் பின்னால் மண்டபத்துச் சுவர். முன்னால் தரையில் என்னுடைய ஆறு பெடல்கள்.

பெடல் என்பது காலால் மிதிக்கிற சிறிய இரும்புப் பெட்டி. ஒன்றை மிதித்தால் கிடாரின் ஒலி முரடாகும். இன்னொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். வேறொன்று ஒலியை நடுங்க வைக்கும். ஒரு பாட்டுக்கு மூன்று பெடல்கள் வேண்டும். அடுத்த பாட்டுக்கு அவற்றில் இரண்டை அணைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட வேண்டும். மொத்தம் மூன்று மிதி, இரண்டு நொடி.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கைதட்டலுக்கு இடம் விட்ட காலத்தில் அந்த இரண்டு நொடி யாருக்கும் தெரியவில்லை. போன வருடம் முதல் இடைவெளி விடாமல் பாட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி வாசிக்க ஆரம்பித்தோம். கீபோர்டு வாசிக்கிறவன் ஒரு விரலால் ஒலியை மாற்றிக்கொள்வான். நான் கால் மாற்றி மிதித்து நிமிர்வதற்குள் பாட்டின் முதல் வரி போயிருக்கும்.

"மாமா, நாத்து நடுறீங்களா? வரிசை நேரா இருக்கு" என்பான் அவன். எனக்கும் அவனுக்கும் உறவு கிடையாது. தன்னைவிடப் பத்து வயது மூத்த எல்லோரும் அவனுக்கு மாமாதான்.

குழுவை நடத்துகிறவர் பாடகர். அவரை அண்ணன் என்போம். அவர் கேலி பேசுகிறவர் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லத்திராக்கோட்டையில் அவர் வீட்டு மாடியில் ஒத்திகை நடந்தபோது, நான் வாசிக்க வேண்டிய இடையிசையைக் கீபோர்டில் வாசிக்கச் சொன்னார். அவன் கிடார் ஒலியைத் தேர்ந்து வாசித்தான். கிட்டத்தட்ட கிடார். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அண்ணன் மைக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அரிமளத்துக் காதணி விழா வரைக்கும் பாப்போம். அங்கயும் இப்படித்தான்னா ஒனக்கும் சிரமம், எங்களுக்கும் சிரமம். வேன்லயும் எடம் பத்தல."

பகலில் நான் ஒரு செய்தித்தாளில் பக்கம் அமைக்கிறவன். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் எழுதியதை வெட்டி, சுருக்கி, கட்டத்துக்குள் அடைக்கிறேன். அந்தக் கோழிக்கூண்டில் நின்று தனியாக வாசிக்கும் இடையிசைகள்தான், அதிகம் போனால் ஒவ்வொன்றும் இருபது நொடி, என்னிடமிருந்து வெளியே போகிறவை. அவையும் போய்விட்டால் மிச்சம் என்ன என்று கணக்குப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பெடல்களை மாற்றுவதற்கு ஒரு வழி தேட ஆரம்பித்தேன். மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, எல்லாப் பெடல்களின் வேலையையும் தானே செய்யும் ஒரே கருவி. அதை வாங்கினால் ஆறு பெடல்களையும் விற்றுவிட வேண்டும். ஆறையும் ஆறு வெவ்வேறு வருடங்களில் வாங்கியவன் நான். அந்த வழியை முதல் நாளே அடித்துவிட்டேன்.

இரண்டாவது, புதுக்கோட்டையில் எங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் ரேடியோ கடைக்காரர் சொன்னது. கடையில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. கழற்றிப் போட்ட மிக்சர் ஒன்றின் மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு அவர் சொன்னார்: "பெடலையெல்லாம் ரெண்டு மூணாச் சேத்துக் கட்டி, நாலு சுவிட்சு வச்சு ஒரு பெட்டி பண்ணித் தாரேன். ஒரு சுவிட்சுக்கு ஒரு சத்தம். மிதிச்சா வரும், மிதிச்சா போகும்."

"நாலு சத்தம் போதாதுங்க. முப்பது பாட்டு வாசிக்கிறோம்."

"முப்பது பாட்டுக்கு முப்பது சத்தமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு டம்ளரை எடுத்து மீதி டீயைக் குடித்தார். நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, நினைவில் வைத்துக்கொள்ளும் ஸ்விட்சர். எல்லாப் பெடல்களையும் அதில் இணைத்து, எல்லாவற்றையும் எரியவிட்டபடியே வைத்துவிட வேண்டும். எந்தப் பாட்டுக்கு எவை கேட்க வேண்டும் என்பதை ஸ்விட்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், ஒரே மிதியில் அத்தனையும் மாறும். நான் பார்த்ததில் நான்கு பொத்தான்கள் இருந்தன. ஒரு வரிசைக்கு நான்கு ஒலிகள், அப்படி எட்டு வரிசைகள். ஏறவும் இறங்கவும் ஓரத்தில் இரண்டு பொத்தான்கள். படித்தவுடனேயே அந்த வரிசைகளுக்கு மனதில் பக்கம் என்று பெயர் வைத்துவிட்டேன். எட்டுப் பக்கம், பக்கத்துக்கு நான்கு செய்தி. எனக்குத் தெரிந்த தொழில்.

அதையே வாங்கினேன்.

அண்ணன் கொடுத்த பாட்டு வரிசைத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, நான்கு நாள் காலையில் உட்கார்ந்து பதிந்தேன். முதல் பாட்டு முதல் பக்கத்தின் முதல் பொத்தான். இருபத்தெட்டாவது பாட்டு ஏழாம் பக்கத்தின் நான்காவது பொத்தான். ஒத்திகையில் ஒரு பிசகும் இல்லை. ஒரு மிதி, அடுத்த பாட்டு. ஒரு மிதி, அடுத்த பாட்டு. அண்ணன் பாடிக்கொண்டே தலையை ஆட்டினார். கீபோர்டுக்காரன், "மாமா நடவு மிஷின் எறக்கிட்டாரு" என்றான்.

காதணி விழாவில் எது நிச்சயமில்லை என்பது இந்த மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். தாய்மாமன் எப்போது சீர் கொண்டு வருவார் என்பது நிச்சயமில்லை. அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு எதுவானாலும் நிறுத்திவிட்டு, அவருக்கான வரவேற்புப் பாட்டுக்குத் தாவ வேண்டும். கடைசித் தட்டு உள்ளே வரும்வரை அந்தப் பாட்டை நிறுத்தவும் கூடாது. பதினோரு வருடமாக நான் இதைச் செய்துவருகிறேன். ஆனால் தாளில் "மாமன் வரவு, 12 மணி" என்று எழுதியிருந்தது. எழுதியிருந்ததை நம்பினேன். அச்சுக்குப் போகிற பக்கத்தை நம்பிப் பழகியவன் செய்கிற தவறு அது.

அரிமளத்து மண்டபத்தில் பத்தே முக்காலுக்கு நாங்கள் ஆறாவது பாட்டில் இருந்தோம். வாசலில் வெடி கேட்டது. விழாப் பிள்ளைகளின் அப்பா மேடையோரம் ஓடிவந்து, "அண்ணே, மூத்த மாமன் வந்துட்டாரு! பாட்டப் போடுங்க, பாட்டப் போடுங்க!" என்று கத்தினார்.

அண்ணன் கையைச் சுழற்றினார். டிரம்ஸ் தாவியது. நான் இரண்டாம் பக்கத்தில் இருந்தேன். பாட்டு ஏழாம் பக்கத்தில் இருந்தது.

ஏறும் பொத்தானை மிதித்தேன். அந்த ஸ்விட்சரில் பக்கம் மாறினால் அந்தப் பக்கத்தின் முதல் ஒலி உடனே வந்துவிடும். கம்பிகளில் என் கை ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்து முரட்டு ஒலி மண்டபத்தில் விழுந்தது. அடுத்து நான்காம் பக்கத்து நடுக்கம். ஐந்தாம் பக்கத்து எதிரொலி, முன்னால் விழுந்ததையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னது. ஆறாம் பக்கத்திலிருந்து பதற்றத்தில் இருமுறை மிதித்து எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டேன். இறங்கும் பொத்தானைத் தேடினேன். பெடல்களை நேராக மிதித்தும் பயனில்லை, எல்லாம் ஸ்விட்சரின் பிடியில் இருந்தன. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

அண்ணன் மைக்கில் சிரித்துச் சமாளித்தார்: "மாமன் வந்துட்டாரு, கிடாரு இன்னும் வரல." மண்டபம் சிரித்தது. இடையிசை வந்தபோது அவர் கீபோர்டுக்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவன் வாசித்தான்.

சீர்த்தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. பழம், பூ, பட்டுப்பாவாடை, பொம்மை கார், ஒரு புது சைக்கிள், கழுத்தில் மாலையோடு இரண்டு ஆட்டுக்கிடாய்கள். எழுபத்து மூன்று தட்டு வரை எண்ணினேன். பாட்டு முடிந்ததும் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "எளைய மாமன் மணமேல்குடிலேருந்து வந்துக்கிட்டு இருக்காராம். அதுவரைக்கும் சரி, அவரு பாட்டுக்கும் சரி, நீ சும்மா நில்லு. வாசிக்க வேணாம். எறங்கிப் போயிராத, வீடியோவுல எடம் காலியாத் தெரியும்."

இறங்க நினைத்தாலும் வழி இல்லை. மேடைக்கு ஒரே படிக்கட்டு. அதில் மூத்த மாமன் வீட்டார் படம் எடுப்பதற்காக அடுக்கடுக்காக நின்றிருந்தார்கள். கேமரா திரும்பும்போதெல்லாம் ஒலியைக் குறைத்துவிட்டுக் கையை அசைத்தேன். சிரித்தேன். நாற்பது நிமிடம் அப்படி நின்றேன். சுவரில் தலைக்கு நேரே ஒரு மின்விசிறி அசையாமல் இருந்தது. அதன் மூன்று இறக்கைகளிலும் படிந்திருந்த தூசியின் அளவு வேறு வேறு. அதைக் கவனிக்கும் அளவுக்கு எனக்கு நேரம் இருந்தது.

கேமரா பந்திக்குப் போனபோது ஸ்பீக்கருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வரிசைத் தாளை எடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் நான் பதிந்திருந்த ஒலியை எழுதிப் பார்த்தேன். இருபத்தெட்டு பாட்டு. சின்னச் சின்ன மெருகுகளை விட்டுவிட்டால் அவற்றில் இருந்தவை நான்கே ஒலிகள்: சாதா, முரடு, எதிரொலி, நடுக்கம். ரேடியோ கடைக்காரர் டீயோடு விழுங்கிய பதில் இதுதான். நாளிதழில் எத்தனை செய்தி வந்தாலும் எழுத்தின் அளவுகள் நான்கைந்துக்கு மேல் போகாது. பதினெட்டு வருடம் அதை வைத்துப் பிழைத்தவனுக்கு இது தோன்றவில்லை.

முதல் பக்கத்தின் நான்கு பொத்தான்களிலும் அந்த நான்கையும் பதிந்தேன். நான்காவதைச் சேமித்தபோது மறுபடியும் வெடி கேட்டது.

இளைய மாமன் பாட்டு தொடங்கியது. மூத்தவருக்கு வாசித்ததையே இவருக்கும் வாசிக்க வேண்டும், குறைந்தால் பேச்சாகிவிடும். இடையிசை வந்தது. அண்ணன் சும்மா நிற்கச் சொல்லியிருந்தார். ஒலியைத் திருப்பி ஏற்றினேன், மூன்றாவது பொத்தானை மிதித்தேன், வாசித்தேன்.

கீபோர்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். அவன் நிறுத்தவில்லை. அண்ணன் அவனுக்குத்தானே சொல்லியிருந்தார். நானும் நிறுத்தவில்லை. ஒரே மெட்டை, ஒரே வேகத்தில், இருவரும் வாசித்தோம். சீர் முடியவில்லை. மூத்தவர் கொண்டுவந்ததைவிட ஒன்றாவது கூடுதலாகக் கொண்டுவர வேண்டும் என்று இளையவர் முடிவு செய்திருக்க வேண்டும். தட்டுகள் நூறைத் தாண்டின. இடையிசை திரும்பத் திரும்ப வந்தது. ஒன்பது முறை. ஒன்பது முறையும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்தாவது முறை நான் ஒரு சுரத்தைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தேன். அவனுடையதோடு உரசிக் கரகரத்தது. அடுத்த முறை முதல் வளைக்கவில்லை.

மாலை வேனில் சாமான் ஏற்றும்போது அண்ணன் வந்தார். சொல்லை மீறி வாசித்ததற்குத் திட்டு வரும் என்று நின்றேன்.

"ரெண்டு பேரும் சேந்து வாசிச்சது நல்லா தடிமனா இருந்துச்சுப்பா" என்றார். "எளைய மாமன் ஆளனுப்பிக் கேட்டாரு, எங்க அண்ணனுக்கு ஒரு வாத்தியம், எனக்கு ரெண்டான்னு. ஒரே குஷி. இனிமே எல்லா எடத்துலயும் அப்படியே வாசிங்க. ஆனா ஒன்னு, தனியா எதும் வளைக்காத. அவன் வாசிக்கிறத அச்சா அப்படியே வாசி."

"அப்ப மாமாவுக்கு வேன்ல எடம் உண்டுல்ல அண்ணே?" என்றான் கீபோர்டுக்காரன்.

"உண்டு, உண்டு. ஏறு."

ஏறினேன். ஜன்னலோரம் ஸ்பீக்கர், மறுபக்கம் அவன். நடுவில் நான், மடியில் ஸ்விட்சர்.

அதற்குப் பிறகு பதினான்கு விழாக்கள் வாசித்திருக்கிறேன். எந்த மாமன் எப்போது வந்தாலும் ஒரே மிதியில் போய்விடுகிறேன். கீபோர்டு தொடங்கும் இடத்தில் தொடங்கி, அது முடியும் இடத்தில் முடிக்கிறேன். என் கிடார் கேட்கிறதா என்று ஒருமுறை வீட்டில் வீடியோவைப் போட்டு உன்னிப்பாகக் கேட்டேன். கிடாரை மட்டும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்விட்சரில் முதல் பக்கத்தைத் தாண்டுவதே இல்லை. இரண்டாம் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கம் வரை பதிந்தவற்றை இன்னும் அழிக்கவில்லை.