யாரோட அம்மா வராங்க?

போன வாரம் என் மகள் புது ஷூ வாங்கிக்கொண்டு வந்தாள். டப்பாவைத் திறந்ததுமே வீடு முழுக்க ரப்பர் வாசனை. "எதுக்குடி இப்போ ஷூ?" என்றேன். "வைசாக் போறோம்மா, ஃபிரண்ட்ஸ் மூணு பேரு. மலையெல்லாம் ஏறணும்" என்றாள். கேட்கவில்லை பாருங்கள், தகவல் சொன்னாள். நானும் யோசிக்காமல், "யாரோட அம்மா வராங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வேலைக்குப் போற பொண்ணுங்கம்மா நாங்க. அம்மா எதுக்கு?" என்று சிரித்துவிட்டு ஷூவை மாட்டிப் பார்க்கப் போய்விட்டாள்.

சிரிக்கட்டும். அந்தக் கேள்வி என் வாயில் எப்படி வந்தது என்று எனக்குத்தான் தெரியும். அந்த ரப்பர் வாசனைக்கும் தெரியும்.

அவள் வயதில் நான் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். மெஷினிலிருந்து வருகிற ரப்பர் வாஷர்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறை வெட்டுகிற வேலை. காலையில் செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து நடை. சாயங்காலம் திரும்பும்போது ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எத்தனை சீயக்காய் தேய்த்தாலும் தலைமுடியிலிருந்து அந்த நாற்றம் போகாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் குறையும், திங்கட்கிழமை மறுபடி வந்துவிடும்.

எங்கள் மேஜையில் மூன்று பேர். நான், விஜயா, மேரி. கத்தரிக்கோல் அதுபாட்டுக்கு ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். அந்த வருடம் விஜயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு பொதட்டூர்பேட்டை. தை மாதம் முகூர்த்தம். ஒரு நாள் லீவு லெட்டர் கொடுக்க சூப்பர்வைசர் அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "உள்ள ஒரு காலண்டர் மாட்டி வெச்சிக்கீறாங்கடி. வைசாக்காம். மலைமேல கம்பியில ஒரு பொட்டி தொங்கினு போவுது, கீழ பாத்தா கடலு" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

நீங்கள் மலையும் கடலும் ஒன்றாக இருக்கிற ஊரில் பிறந்தவராக இருந்தால் இதில் என்ன அதிசயம் என்பீர்கள். எங்களுக்கு மலை என்றால் திருத்தணி. படியேறி நின்றால் கீழே வயல்தான் தெரியும். கடல் என்றால் பழவேற்காடு. அது காலுக்கு நேராக, நம் உயரத்துக்குத்தான் இருக்கும். "கடல மேலருந்து பாத்தா எப்டிடி இருக்கும்? அத ஒரு தபா பாத்துட்டு கல்யாணம் கட்டிக்கினா போதும்" என்றாள் விஜயா. அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கழித்துப்போட்ட வாஷர்களைக் கணக்கெழுதுகிற ரிஜெக்‌ஷன் கார்டின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினோம். முதல் நாள் கம்பிப் பெட்டியில் மலை. இரண்டாம் நாள் கரையில் நிறுத்தி வைத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல், மேரிக்காக மலைமேல் இருக்கிற மாதா கோயில். மூன்றாம் நாள் சிம்மாசலம் நரசிம்மர். இந்த நரசிம்மர் உண்மையில் வீட்டுக்காக. சாமி பெயரைச் சொல்லாமல் எந்த வீட்டில் விடுவார்கள்?

சாமி மட்டும் போதவில்லை. "பெரியவங்க யாரு கூட வராங்க?" என்று மூன்று வீட்டிலும் ஒரே கேள்வி. நான் எங்கள் வீட்டில், "மேரியோட அம்மா வராங்க" என்றேன். மேரி அவள் வீட்டில், "விஜயா அம்மா வராங்க" என்றாள். விஜயா அவள் நைனாவிடம் என் அம்மா வருவதாகச் சொன்னாள். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பாருங்கள்! யார் வீட்டிலும் போன் கிடையாது. மூன்று அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கிடையாது. உலகத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரிகள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அமாவாசையை மறந்துவிட்டோம். மூளை இருந்தால்தானே?

அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள். வேண்டுதலுக்காகக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அந்த வெல்லத்தைக் குளக்கரையில் விற்கிறவர்களில் மேரியின் அம்மாவும் ஒருவர். கழுத்தில் சிலுவை, கையில் தராசு, அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அந்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வேறு கடைக்குத் தள்ளிப் பார்த்தேன். "உன் ஃபிரண்டோட அம்மா கடை இருக்கும்போது வேற கடைக்கு ஏன் போவணும்?" என்று விசாரித்துக் கண்டுபிடித்துப் போய் நின்றாள். தராசுக்குப் பின்னால் மேரி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க கூடப் போறீங்கன்ற தைரியத்துலதான் அக்கா அனுப்பறேன். பாத்துக்கோங்க" என்றாள் அம்மா.

"நானா? எங்க?"

"வைசாக்குக்கு."

"நான் எங்க போறேன்? விஜயா அம்மா போறாங்கன்னுல்ல இவ சொன்னா!"

விஜயாவின் அம்மாவும் அந்த நேரத்திலா குளத்தில் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு வெல்லம் வாங்க வர வேண்டும்? என்னை ஏற்கெனவே பார்த்திருந்ததால், பக்கத்தில் நிற்பது என் அம்மா என்று புரிந்துகொண்டார். "நீங்கதான் இட்டுனு போறீங்களாமே. கல்யாணப் பொண்ணு, பத்திரம் யக்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேரியின் அம்மா ஒரு வெல்லக்கட்டியை எடுத்து மேரியின் தலையில் எறிந்தார். விஜயாவின் அம்மா, "அய்யோ, மாப்ள ஊட்ல தெரிஞ்சா" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விஜயா வேலைக்கு வரவில்லை. அப்புறம் வரவேயில்லை. கல்யாணத்தில்தான் பார்த்தோம். மணவறையில் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கத்தரிக்கோல் மட்டும் பல மாதம் எங்கள் மேஜையிலேயே கிடந்தது.

என் அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்று நாள் பேசவே இல்லை. நாலாம் நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "என்னைக் கூப்ட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

இந்தப் பக்கம் திருப்பதி, அந்தப் பக்கம் மெட்ராஸ், அவ்வளவுதான் அவள் பார்த்த உலகம். மூன்று பேருக்கு மூன்று அம்மா இருந்தும், ஒருத்தியையாவது நிஜமாகவே கூப்பிடலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மகள் சிரித்துவிட்டுப் போனதும் விஜயாவுக்குப் போன் போட்டேன். மேரியையும் அதிலேயே சேர்த்தேன். மேரி இப்போது கும்மிடிப்பூண்டியில் இருக்கிறாள், வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை. "வைசாக் வண்டிங்கல்லாம் எங்க ஊட்டு பின்னாலதான்டி போவுது. ஒண்ணுகூட நிக்கறதில்ல" என்றாள். நாம் மூன்று பேரும் போகலாமா என்று கேட்டேன். விஜயா சொன்னாள்: "வரேன்டி. ஊட்ல இன்னான்னு சொல்லிட்டு வர்றது?" பேரன் எடுத்தவள் கேட்கிற கேள்வியா இது! "எங்க அம்மா வராங்கன்னு சொல்லு" என்றாள் மேரி. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

காக்களூர் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது குடோன். குளக்கரையில் மேரியின் அம்மா கடை போட்ட இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். மேரியின் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், விஜயாவின் அம்மாவும் போய்விட்டார். என் அம்மா போன ஆடியில்தான் போனாள். அரிசி பொறுக்கிக்கொண்டே அவள் அதைச் சொன்ன பிறகு எனக்கு இருபத்துச் சொச்சம் வருட அவகாசம் இருந்தது. நான் ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடவில்லை.