வால் அறுந்த பாம்பின் சாட்சி

1. ஓட்டையில்லாத சலாது

ராகலையில் மருந்தடிக்காத மரக்கறி வாங்கும் கலெக்டிங் சென்டர் ஒன்றில் பல வருடம் தரம் பார்த்தேன். மருந்து போட்டுவிட்டு இல்லை என்று சாதிப்பவர்களைப் பிடிப்பதுதான் என் வேலை. அதனால் யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அந்த மழைக்காலத்தில் வந்த சலாதுக் கீரையின் இலையெல்லாம் நத்தை தின்று சல்லடையாகக் கிடந்தது. செல்வமேரியின் கூடை மட்டும் சுத்தம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தை நம்பி இறங்கியவள் அவள்.

"நத்தை மருந்து போட்டியா?"

"இல்லங்க ஐயா. நானும் வீட்டுக்காரரும் விடியக்காலையில எந்திரிச்சுக் கையால பொறுக்குறோம்."

அந்தக் குளிரில், அத்தனை பாத்தியிலுமா? என் காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைத்தேன். மேனேஜரிடம் சொன்னேன்.

"மருந்துன்னா அவங்க சரக்கை நிப்பாட்டிருவோம். பாத்துட்டு வாங்கண்ணே."

நிறுத்தினால் அவளுக்குப் பழைய வேலையும் கிடையாது. அது தெரிந்தும், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாத்தி பாத்தியாகக் கிளறினேன். மருந்து உருண்டை ஒன்றுகூட இல்லை. அதுவே எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. வரப்புக் கல்லைப் புரட்டினேன். பென்சில் பருமனில் ஒரு பழுப்புப் பாம்பு! மம்பட்டி பட்டு அதன் வால்நுனி அறுந்திருந்தது. நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்துச் செல்வமேரி சிரித்துவிட்டாள்.

"அடிச்சிராதீங்க ஐயா. அது யாரையும் ஒன்னும் பண்ணாது."

படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன்.

2. ஊரெல்லாம் பாம்பு

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, வேற நாட்டுல நத்தைய மட்டும் தின்னுற சின்னப் பாம்பு இருக்கு. போன்ல பாத்திருக்கேன். இது அதுதான்! இனிமே பாம்பு இருந்தா அது மருந்து போடாத நிலம்."

செல்வமேரியின் சரக்கு தப்பியது. செய்தி லயம் லயமாகப் பரவியது.

சில நாளில், எங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் ஆறுமுகம் வந்து நின்றார். "நம்ம நிலத்துலயும் பாம்பு இருக்குங்க ஐயா." போனேன். அத்தனை கல் கிடக்க, நேராக ஒரு கல்லிடம் போய்ப் புரட்டினார். பாம்பு இருந்தது. அடுத்து பார்வதியின் நிலம். அங்கும் பாம்பு. அதற்கு வால்நுனி இல்லை. ஆறுமுகத்தின் நிலத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்கும் இல்லை.

பார்வதியின் கொட்டகையில் ஒரு பால்மா டின் இருந்தது. மூடியில் காற்றுக்காக ஆணியால் ஓட்டை போட்டிருந்தார்கள்.

"யாரு டின் இது?"

பார்வதி தலையைக் குனிந்துகொண்டாள். "செல்வமேரி அக்காவோடதுங்க."

3. டின்னுக்குள் ஒரு நத்தை

பாம்பை டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு செல்வமேரியிடம் போனேன். அவள் கண் முன்னாலேயே ஒரு நத்தையையும் உள்ளே போட்டேன். நத்தை பாம்பின் முதுகில் ஏறி, நிதானமாக இறங்கிப் போனது. பாம்பு வாயைத் திறக்கவில்லை.

"இது நத்தை தின்னாதுங்க ஐயா. மண்புழுதான் தின்னும்."

"அப்புறம் ஏன் ஊருக்கெல்லாம் குடுத்த?"

அவள் பின்பக்கம் போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். உப்புத் தண்ணீரில் அன்று காலை பொறுக்கிய நத்தைகள், பாதி வாளிக்கு. அவள் விரல்களெல்லாம் உப்பில் வெடித்திருந்தன.

"கையால பொறுக்குறோம்னு சொன்னேன், நம்பல. பாம்பைக் கண்டதும் நம்பிட்டீங்க. அவங்களும் மருந்து போடலங்க ஐயா, ஒங்களுக்குப் பயந்து கேட்டாங்க. நீங்க எதை நம்புறீங்களோ அதைத்தானே குடுக்க முடியும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டாள்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பொறுக்குறாங்கன்னு சொன்னா யாருண்ணே நம்புவா? பாம்புன்னே இருக்கட்டும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "நாளைக்கு விடியக்காலையில வாங்க சார். ஒரு வாளியும் கொண்டு வாங்க" என்றேன்.

வந்தார். மூன்றாவது பாத்தியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செல்வமேரியின் சரக்கைப் பற்றி அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, சந்தேகப்படுங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் ஒருவர் பாடுபட்டேன் என்று சொன்னால், அந்தப் பாட்டை ஒரு நாள் பட்டுப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

பாம்பை அவளுடைய வரப்புக் கல்லடியிலேயே விட்டோம். டின்னை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுபடி பாம்பு ஊர் சுற்றக் கிளம்பாது என்று யார் கண்டது?