சகாயமேரிக்கு நான் சப்ஜெக்டாகப் போன நாள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மேடம், துறைத் தலைவர் சார், லேபில் சாமான் எடுத்துக் கொடுக்கும் அண்ணன், பரீட்சைக்கு நின்ற சகாயமேரி, அவளுக்கு எதிரே நான். ஐந்தே பேர். புது மேசையின் வார்னிஷ் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது...

கல்வி உளவியல் எம்.ஏ. ஆரம்பித்து முதல் செட் படித்த சமயம் அது. துறை என்று பேர்தான். ஒரே அறை. நடுவில் பீரோவை நிறுத்தி, அந்தப் பக்கம் வகுப்பு, இந்தப் பக்கம் லேப்.

சகாயமேரி திருப்பரங்குன்றத்தில் எங்கள் பக்கத்து வீடு. மிஷன் பள்ளிக்கூட டீச்சர். லீவு போட்டுப் படித்தாள். இந்தத் தடவை தவறினால் படிப்பை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பிராக்டிகலுக்கு ஆளுக்கொரு 'சப்ஜெக்ட்' கூட்டிவர வேண்டும். சோதனைக்கு உட்காருகிற ஆள். எட்டாவதோடு நின்ற என்னை, "யக்கா, நீங்கதேன் வரணும்" என்று பிடித்துக்கொண்டாள்.

சோதனை இதுதான்: கையை ஒரு அட்டை மறைத்திருக்கும். கண்ணாடியில் தெரிகிற நட்சத்திரத்தைப் பார்த்து, கோட்டில் இடிக்காமல் பென்சிலால் சுற்றி வர வேண்டும். முதலில் தாறுமாறாகப் போகும். போகப் போகத் தப்பு குறையும். அந்தக் குறைவைத்தான் அவள் கிராஃப் போட்டு விளக்க வேண்டும்.

நான் சொதப்பிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். சாயங்காலமானால் முகம் பார்க்கும் கண்ணாடியோடு எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பழக்கினாள். எனக்கும் வீம்பு. வீட்டுக் கணக்கில் ஒரு அடித்தல் விழுந்தாலே மனசு ஆறாத ஆள் நான்.

அன்று முருகா என்று பென்சிலை எடுத்தேன். முதல் சுற்றில் ஒரு தப்புமில்லை. அடுத்ததிலும் இல்லை. பெருமையாக நிமிர்ந்தால், சகாயமேரி முகம் வெளிறிக் கிடக்கிறது. தப்பே இல்லையென்றால் எதைக் குறைத்துக் காட்டுவது? அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவங்க இதுக்கு முன்னாடி செஞ்சிருக்காங்களா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"ஆமா மேடம். நாந்தேன் வீட்ல வச்சுப் பழக்கிட்டேன். பயத்துல புத்தி ஓடல."

லேப் அண்ணன் மெதுவாக, "பரீட்சையவும் அங்கனயே முடிச்சுட்டு வந்திருக்கலாம்ல தாயி" என்றார். துறைத் தலைவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மேடம் புதுத் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு என்னிடம், "இடது கையால போடுங்கம்மா. வலது கை படிச்சது அதுக்கு எவ்வளவு போயிருக்குன்னு பாப்போம்" என்றார்.

இடது கை என் பேச்சைக் கேட்கவே இல்லை. நட்சத்திரம் கோணிக்கொண்டு எங்கெங்கோ போனது. தப்பை எண்ண எண்ண அவள் முகம் தெளிந்தது. தப்பு வரட்டும் முருகா என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்று மட்டுந்தான். அடுத்தடுத்த சுற்றில் அதுவாகவே குறைந்து, கிராஃப் அழகாக இறங்கியது.

பாஸானாள். இனிப்புப் பொட்டலத்தோடு வந்தது அவள் வீட்டுக்காரர்தான்.

இப்போது துறைக்கு மாடிக் கட்டடமாம். நட்சத்திரம் கம்ப்யூட்டரில் வருமாம், தப்பையும் அதுவே எண்ணிக்கொள்ளுமாம். வசதிதான்... நான் தடுமாறத் தடுமாறச் சந்தோஷப்பட எதிரே ஒரு முகம் இருந்ததே, அதற்கு என்ன செய்வார்களோ.

உங்கள் துறையின் இந்த வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டதும் சகாயமேரிதான். துறையின் வரலாற்றை மலராகப் போட்டு, முதல் செட் எல்லோரும் கூடப்போகிறீர்கள் என்று பார்த்தேன். படித்தவர்கள் பெயரும் சொல்லிக் கொடுத்தவர்கள் பெயரும் கேட்டிருக்கிறீர்கள்.

சப்ஜெக்டாக உட்கார்ந்தவர்களும் அன்றைக்கு வரலாமா? எனக்கு வர ஆசை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.