வலது பக்கம் ஸ்டியரிங்

நான் பல் செய்கிறவள். கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கும் தேய்மானத்துக்கும் ஒத்துப்போகிற மாதிரி உறை செய்து அனுப்ப வேண்டும். லென்ஸ் மாட்டிக்கொண்டு பொழுதுக்கும் குனிந்தே இருப்பதால், சாயங்காலம் கழுத்தைத் திருப்பினால் உடம்பும் சேர்ந்துதான் திரும்பும். அதனால் தம்பி வெளிநாட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பெட்டியைத் திறந்தபோது எனக்கு முதலில் வந்தது சலிப்புதான்.

பெட்டியின் மேல் ஒரு பழைய ஐரோப்பியக் காரின் படம். உருண்டை விளக்குகள், அகலமான முகம். ஆனால் உள்ளே கார் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் அடுக்கடுக்காக இருந்தன. சட்டத்துக்குச் சட்டம் கதவுப்பிடி, வைப்பர், சீட், சைலன்சர் என்று காரின் உறுப்புகள் காம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. நறுக்கி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே காராக்கிக்கொள்ள வேண்டும். என் லேப் வேலை வீட்டுக்கும் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

தம்பி போனில் சந்தோஷமாகச் சொன்னான். அப்பாவுக்குப் பொழுது போகும், நம் பழைய காரின் சாயலிலேயே இருந்தது, பார்த்ததும் வாங்கிவிட்டேன் என்றான். அவன்மேல் குற்றமில்லை. கண் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கும்போதெல்லாம் அப்பா “பரவால்ல சாமி” என்றே சொல்லிவந்தார். நானும் திருத்தவில்லை. அத்தனை தூரத்தில் இருப்பவனிடம் சொல்லி, அவனும் தூக்கம் கெட்டுக் கிடப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் அப்பாவுக்கு அப்போதே வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்தன. சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. ஜன்னலோரம் யாராவது வந்து நின்றால் ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. அவர் மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். குன்னூர் மலைக்குப் போகிற ஆட்களை ரயிலடியில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டு, மாலையில் இறங்குவார். கல்யாணம் நிலைக்காமல் நான் திரும்பி வந்தபோது என்னை அந்தக் காரில்தான் அழைத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மா போனபிறகு அவரும் காருமாக என்னோடு கணபதிக்கு வந்துவிட்டார்கள்.

கண் மங்குவதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் சத்தி ரோட்டில் கீரைக்காரம்மாவின் கூடைமேல் காரை ஏற்றிவிட்டார். அந்தம்மா ஓர் அடி முன்னால் இருந்திருந்தால் அவர்மேலேயே ஏறியிருக்கும். நான் போய்ச் சமாதானம் பேசிக் காரை ஓரங்கட்டிவிட்டு, அப்பாவிடம் சாவியைக் கேட்டேன். தந்துவிட்டார். அடுத்த வாரமே காரை விற்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதெல்லாம் சோறு, மாத்திரை, குளியல் தண்ணீர் பற்றித்தான். கோபம் தணியட்டும் என்று காத்திருந்தேன். தணியவில்லை. காத்திருப்பதும் ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டது.

பெட்டி வந்த அன்று ஒரு சட்டத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “என்னது, சீப்பா?” என்றார். தம்பி அனுப்பியது, ஒட்டினால் கார் வரும் என்றேன். அவர் பெட்டியை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் வேலை முடிந்து வந்தபோதும் அது அவர் மடியிலேதான் இருந்தது. அவ்வப்போது குலுக்கிக் குலுக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் தாங்காமல்தான் நான் ஒட்டவே உட்கார்ந்தேன்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. லேபில் தேய்ந்துபோன அரங்கள், மெல்லிய பிரஷ்கள், கையில் பிடித்துச் சுற்றவிடும் சிறிய மோட்டார் எல்லாம் என்னிடம் இருந்தன. சமையலறை மேசையில் பழைய காலண்டர் அட்டையைப் போட்டு, ஒவ்வோர் உறுப்பாகக் காம்பை நறுக்கி, நறுக்கிய தழும்பு தெரியாமல் தேய்த்தேன். முதலில் எஞ்சின். இரண்டு பாதிகளாக இருந்ததைச் சேர்த்து ஒட்டி, விரலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா எதிர் நாற்காலியில் இருந்தார். “எது வரைக்கும் வந்துது?” என்று கேட்டார். எஞ்சின் என்றேன். கொடு என்று கையை நீட்டினார்.

அப்படித்தான் பேச்சு மறுபடி தொடங்கியது. அதை நல்ல சகுனம் என்று நான் நினைத்திருக்க வேண்டும். எனக்கோ அந்த ஒரு மணி நேரமாவது யாரும் பேசாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. பழைய சார்ஜர் ஒயரை உரித்து, உள்ளே இருந்த செம்பு இழைகளை எஞ்சினுக்கு பிளக் ஒயராக வைத்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, நம்முடையது டீசல் வண்டி, பிளக் ஒயரே கிடையாது, பிடுங்கு என்றார். இது நம் கார் இல்லை, வேறு நாட்டுக் கார் என்றேன். இருக்கட்டும், டீசல்தான் என்றார். பிடுங்கிவிட்டேன்.

நிறத்துக்கும் அப்படித்தான். படத்தில் சிவப்புக் கார். அப்பாவுக்குத் தன் காரின் நிறம் வேண்டும். வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, மோரில் துளி மஞ்சள்பொடி விழுந்த மாதிரி என்றார். எனக்கு அந்தக் காரின் நிறம் நன்றாக ஞாபகம் இருந்தது. லேப் கணக்கில் அது பீடி குடிப்பவரின் பல் நிறம். வெள்ளை பெயின்டில் சொட்டுச் சொட்டாக மஞ்சளும் பழுப்பும் விட்டு, ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்று ஏமாந்து ஏமாந்து, கடைசியில் பிடித்துவிட்டேன். ஸ்பீடோமீட்டர் முள்ளைக்கூட ஒற்றை மயிர்ப் பிரஷால் வரைந்தேன். அதைப் பார்க்கப்போகிறவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. கைக்குப் பழகிய வேலையை அரைகுறையாகச் செய்ய வரவில்லை, அவ்வளவுதான்.

சீட்டும் டேஷ்போர்டும் பொருத்தி, மேல்கூடு மாட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் விரல் நுனி உள்ளே நுழைந்து, சீட்டின் முதுகைத் தொட்டு, முன்னால் போய் நின்றது.

“ஏன் அம்மணி, ஸ்டியரிங் அக்கட்டால இருக்குது?”

அந்த நாட்டில் இடது பக்கம்தான் உட்கார்ந்து ஓட்டுவார்கள் என்றேன். அவர் காரை என் பக்கம் நீட்டிவிட்டார். மாற்று என்றார். அது ஒரே வார்ப்பாக வந்த டேஷ்போர்டு, மாற்றுவதென்றால் அறுத்துத் திருப்பி இரண்டு பக்கமும் புதிதாகக் கட்ட வேண்டும், முடியாது என்றேன். இந்தப் பக்கம் தான் எப்படி உட்காருவது, கியர் எந்தக் கைக்கு வரும் என்று கேட்டார். அன்றைக்கு லேபில் ஒரு முழு வேலை நிறம் சரியில்லையென்று திரும்பி வந்திருந்தது. காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவும் இல்லை.

“நீங்க ஒண்ணும் இதுல ஏறி உக்காரப்போறதில்லீங்ப்பா” என்றேன்.

அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே அறைக்குப் போனார். தட்டில் சோறு போட்டுக் கூப்பிட்டேன், பசியில்லை என்றார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் சாப்பிடாமல் படுக்கக் கூடாது என்று கெஞ்சி, இரண்டு வாய் தயிர்சோறு தின்னவைத்தேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீடு பழையபடி அடைத்துக்கொண்டது.

பாசத்தினால் மாற்றினேன் என்று சொன்னால் பொய். அந்த மௌனத்தோடு ஒரே வீட்டில் இருப்பதைவிட டேஷ்போர்டை அறுப்பது சுலபம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டாரில் மெல்லிய தகட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டயல்கள் இருந்த துண்டை அறுத்தெடுத்து வலப்பக்கம் கொண்டுபோனேன். இடப்பக்கத்து ஓட்டையைப் பல் செட்டுக்குப் போடும் பொடியைத் திரவத்தில் குழைத்து அடைத்தேன். சத்தத்தையும் அந்தத் திரவத்தின் நெடியையும் வைத்து நான் என்ன செய்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு அந்தம்மா நின்னது எனக்குத் தெரியவே இல்ல கண்ணு.”

மோட்டாரை நிறுத்தினேன்.

“கூடை நசுங்குன சத்தம் கேட்டுத்தான் பிரேக்க முதிச்சேன். சத்தம் கேக்கலீன்னா போயிட்டேதான் இருந்திருப்பேன்.”

அவரே மறுபடி சொன்னார். “நீ சாவியக் கேட்டப்ப எனக்குக் கோவமே இல்ல. கையி நடுங்கிட்டு இருந்துது. நீ கோவம்னு நெனச்சுட்ட. சரி, அப்படியே இருக்கட்டும்னு நானும் உட்டுப்போட்டேன்.”

அவ்வளவு நாளும் கோபம் என்று நினைத்துச் சுமந்தது பயமாம். அதைக் கேட்டதும் நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இதை அப்போதே சொல்லியிருந்தால் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அலுத்துப்போன மனசுக்கு நல்ல செய்திகூட உடனே உறைப்பதில்லை. பிளாஸ்டிக் தூள் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, “டீ வெக்கட்டுங்ளாப்பா?” என்று கேட்டேன். சர்க்கரை கொஞ்சம் போடு என்றார். போடவில்லை. குடித்துவிட்டு, போட்டாயா என்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் ஸ்டியரிங் வலது பக்கம் வந்தது. அவர் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதன் பிறகு நான் ஒரு காரியத்தைக் கெடுத்தேன். முன்கண்ணாடியை ஒட்டுவதற்குத் தனிப் பசை உண்டு; அது தீர்ந்திருந்தது. களைப்பில், கடையில் விற்கும் உடனே ஒட்டும் பசையைத் தடவி மாட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் பசையின் ஆவி படிந்து கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பாலிஷ் போடும் மாவால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் மட்டும் தெளிந்தது, உட்பக்கத்துப் பூப்பு போகவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் சொன்னேன்.

“எனக்கு எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான இருக்குது. உடு” என்றார்.

கார் முடிந்தது. விளக்கைச் சுற்றி வெள்ளி வளையம், கதவுக்குக் கதவு பிடி, இரண்டு வைப்பர், இரண்டு பக்கமும் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி. மேசைமேல் வைத்துப் பார்த்தபோது உள்ளங்கையளவுக்கு எங்கள் பழைய கார் நிற்கிற மாதிரியே இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்பாவிடம் கொடுத்துவிட்டு லேபுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வலது பக்கக் கண்ணாடி இல்லை. கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்து ஒட்டினேன். மறுநாள் வைப்பர் போயிற்று. ஒட்டினேன். அதற்குள் கதவுப்பிடி. இத்தனை நுணுக்கமாகச் செய்ததெல்லாம் அவர் விரலடியில் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஒரு நாள் வாசலிலேயே செருப்போடு நின்று, “பதனமாப் புடிங்ப்பா” என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

“பாக்கறதுக்குத்தான் கண்ணு புடிக்கறேன்” என்றார் அவர். குரலில் வருத்தம்கூட இல்லை.

அதன் பிறகு உதிர்ந்ததை எடுத்து ஒட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். மேல்கூரையில் அவர் கட்டைவிரல் படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து சாம்பல் நிறம் வெளியே வந்துவிட்டது. அதையும் தொடவில்லை.

தம்பி வீடியோவில் கூப்பிட்டபோது காரைக் காட்டச் சொன்னான். காட்டினேன். என்னக்கா, இப்படி உடைந்துபோயிருக்கிறது என்றான். நான் என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருக்கையில், அப்பா போன் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து, “எனக்குக் கண்ணு தெரியறதில்ல சாமி. ரொம்ப நாளாச்சு” என்றார். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். உறையவில்லை, அவன்தான் அசையாமல் இருந்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிறையக் கேட்டான், கொஞ்சம் அழுதான். லீவு கேட்டிருக்கிறானாம், வருவதாகச் சொல்லியிருக்கிறான். வரட்டும். வந்தால் ஒரு வாரம் அவன் ஊசி போடட்டும், நான் தூங்குவேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் கழுத்துக்குத் தலையணை இல்லாமல் தரையில் நீட்டிப் படுத்துக்கொள்கிறேன். அப்பா கட்டிலில் காரை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறுவார். கல்லாறு தாண்டியாச்சு, இனி வளைவு, எதிரே பஸ், ஒதுங்கு என்று மெல்லப் பேசிக்கொண்டே போவார். கேட்கிறாயா என்று நடுவில் கேட்பார். கேட்கிறேன் என்பேன். பர்லியாறு வரைக்கும் கேட்பேன். குன்னூர் வருவதற்குள் தூங்கிப்போகிறேன்.