கடற்கரை வைன்

வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற மல்வேர்ன் பஸ்ஸில இருந்து எழுதுறன்.

டவுன்ரவுனில நான் வேலை செய்யிற ரெஸ்ரோரன்ருக்கு இண்டைக்கு ஒரு வெள்ளைக்கார மனிசியும் புருசனும் வந்தினம். வெள்ளை வைன் கேட்டினம்.

வேலையில பழக்கித் தந்தபடியே சொன்னன்: “குளிரான கடற்கரையில விளைஞ்ச திராட்சை. கடல்காத்துப் படுறதால கொஞ்சம் உப்புத் தெரியும்.”

மனிசி ஒரு வாய் குடிச்சிட்டுச் சிரிச்சா. “நீங்களும் கடற்கரை ஆளோ?”

“ஓம். முல்லைத்தீவு.”

“அங்க ஆர் இருக்கினம்?”

“அக்காவும் பிள்ளையளும்.”

ஊரில சண்டை முடிஞ்சுதெண்டு காலமை ரேடியோவில சொன்னதையும், அக்கா உயிரோட இருக்கிறாவோ எண்டே தெரியாததையும் சொல்ல வாய் வரேல்லை.

“அக்கா குடுத்து வைச்சவ. நாங்களும் ஒருக்கா போய்ப் பாக்கவேணும்” எண்டா. நல்ல மனிசி, அவவில பிழையில்லை.

“கட்டாயம் போங்கோ” எண்டு சொல்லிப்போட்டு, புருசன்ர கிளாசை நிரப்பினன்.

நீங்களெண்டா என்ன சொல்லியிருப்பியள்? நாளைக்கும் எனக்கு வேலை இருக்கு, தெரிஞ்சால் சொல்லுங்கோ.